தொழிற் பாடம்: சலவை இயந்திரத்தின் கியர் பொக்ஸ் – தேய்வு எது, தவறு எது?



சுகாதாரம், பிள்ளை பராமரிப்பு, சேமிப்பு என்று பல விடயங்களை இப்பக்கத்தில் எழுதி வருகிறோம். இம்முறை எடுத்துக்கொண்டிருப்பது துணி துவைக்கிற மெஷின். "பீலியில கல்லுல அடிச்சுத் துவைக்கிற நமக்கு இது எதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, நமது தோட்டத்துப் பெண்கள் பலர் கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கத்து வீடுகளில் வேலை செய்கிறார்கள். அவர்கள் கையில் தினமும் படும் பொருள் இது. இரண்டாவது, நமது இளைஞர்கள் சிலர் திருத்துகிற கடைகளில் வேலைக்கு நிற்கிறார்கள். மூன்றாவது, இப்போது நமது லயங்களிலும் தனி வீடுகளிலும் பாவித்த மெஷின்களை வாங்கி வைக்கிறார்கள். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டியது. வெளிநாட்டுச் சாமான் எல்லாவற்றிற்கும் விலை ஏறியது. அன்று முதல் பழையதைத் திருத்திப் பாவிப்பதே பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது.

இந்தப் பாடத்தை எழுதத் தூண்டியது நாமே சம்பந்தப்பட்ட ஒரு சம்பவம். அதை முதலில் சொல்கிறோம்.

ஒரு தகப்பனின் கேள்வி

எமது மேற்பிரிவைச் சேர்ந்த ஒரு பெண்பிள்ளை, இருபத்திரண்டு வயது, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஒரு தொடர்மாடி வீட்டில் வேலைக்கு இருந்தாள். அந்த வீட்டில் மேலே மூடி திறக்கிற பழைய சலவை இயந்திரம் ஒன்று. ஒரு நாள் பெரிய சத்தம் போட்டு, துணி பிழிகிற நேரத்தில் நின்றுவிட்டது. "போர்வையையும் கேட்டனையும் ஒன்றாய்ப் போட்டு உடைச்சிட்டாள்" என்று வீட்டுக்காரர் முடிவு செய்து, அவள் சம்பளத்தில் காசு வெட்டத் தொடங்கினார்கள்.

தகப்பன் எம்மிடம் வந்தார். நாம் வீட்டு அம்மாவுடன் தொலைபேசியில் பேசினோம். அவர் சொன்னதைக் கேட்டு, "பிழை விட்டால் கட்டத்தானே வேணும், பொறுமையா இருங்க" என்று தகப்பனிடம் சொல்லி அனுப்பினோம். அடுத்த மாதமும் காசு வெட்டப்பட்டது. மறுபடி வந்த அந்த மனிதர் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"ஐயா, அந்த மெஷினை யாராவது ஒருத்தர் தொறந்து பாத்தாங்களா?"

எம்மிடம் பதில் இல்லை. வீட்டார் திறந்து பார்க்கவில்லை. நாமும் கேட்கவில்லை. பார்க்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டோம். அது எம் பிழை.

அந்த மாதப் போயா தினத்தன்று வேறு வேலையாகக் கொழும்பு போனபோது, கொட்டாஞ்சேனையில் ஒரு திருத்தும் கடையில் ஐந்து வருடமாக வேலை செய்கிற நமது தோட்டத்துத் தம்பி ஒருவரைக் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனோம். வீட்டு அம்மாவும் மறுக்கவில்லை. "பாருங்கோ, பார்த்துச் சொல்லுங்கோ" என்றார். அங்கே கற்றதைத்தான் கீழே பாடமாகத் தருகிறோம்.

1. உள்ளே என்ன இருக்கிறது?

நமது தேயிலை ஸ்டோரில் ரோலர் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். மோட்டர் வேகமாகச் சுற்றும். ரோலர் மெதுவாகச் சுற்றும். அந்த வேகத்தைக் குறைத்து, அதற்குப் பதிலாக இழுவைப் பலத்தைக் கூட்டிக் கொடுப்பது நடுவில் இருக்கிற கியர் பொக்ஸ். சலவை இயந்திரத்திலும் இதே கதைதான். அதன் மோட்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,400 தரம் சுற்றும். அந்த வேகத்தில் தண்ணீருக்குள் துணியைச் சுழற்ற முடியாது. ஆகவே மோட்டரிலிருந்து ஒரு பெல்ட் கீழே உள்ள பெரிய சில்லுக்குப் போகிறது. அந்தச் சில்லின் மேலேதான் கியர் பொக்ஸ் இருக்கிறது.

மேல்மூடி மெஷினின் கியர் பொக்ஸ் மூன்று வேலை செய்கிறது.

(அ) துவைக்கும்போது வேகத்தைக் குறைத்து, தொட்டியின் அடியில் உள்ள தட்டை மட்டும் இப்படியும் அப்படியும் சுற்றுகிறது.

(ஆ) அந்த நேரத்தில் துணி இருக்கிற உள்தொட்டி சுற்றாதபடி ஒரு பிரேக் பட்டி பிடித்துக்கொள்கிறது.

(இ) பிழியும்போது பிரேக்கை விட்டுவிட்டு, தட்டையும் தொட்டியையும் ஒன்றாகப் பூட்டி வேகமாகச் சுற்றுகிறது. இதைச் செய்வது கிளச் என்கிற சுருள் கம்பி.

துவைப்பதிலிருந்து பிழிவதற்கு மாற்றுவது ஒரு நெம்புகோல். தண்ணீரை வெளியே விடுகிற சின்ன மோட்டரே இந்த நெம்புகோலையும் இழுக்கிறது. ஒரே இழுப்பில் தண்ணீர்க் கதவும் திறக்கும், கிளச்சும் பூட்டும்.

கியர் பொக்ஸின் தண்டு தொட்டியின் அடியைத் துளைத்துக்கொண்டு மேலே வருகிறது. அந்தத் துளை வழியாகத் தண்ணீர் கீழே இறங்காமல் தடுப்பது ஒரு ரப்பர் வளையம். அதற்கு வாட்டர் சீல் என்று பெயர். அதன் கீழே தண்டைத் தாங்குகிற பெயரிங். சீல் போனால் சவர்க்காரத் தண்ணீர் பெயரிங்குக்குள் போகும். கிறீஸ் கரைந்து, துருப் பிடித்து, பெயரிங் உடைந்து, கடைசியில் கியர் பொக்ஸே போய்விடும். ஒரு சின்ன ரப்பர் வளையத்தில் தொடங்குகிற வியாதி இது.

2. திறப்பதற்கு முன்: உயிர் முக்கியம்

நமது நாட்டு மின்சாரம் 230 வோல்ட். தண்ணீரும் கரண்டும் சேர்ந்த இடத்தில் விளையாட்டு இல்லை.

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைக் கழற்றிக் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொள்ளவும். குழாயை மூடவும். மோட்டருக்குப் பக்கத்தில் உருளையாகவோ பெட்டியாகவோ ஒரு கொண்டென்சர் இருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதில் மின் தங்கி நிற்கும். பழக்கமில்லாதவர் அதன் முனைகளைத் தொடவே கூடாது. ஈரக்காலுடன் நிற்க வேண்டாம். லயத்தில் மெஷின் வைத்திருப்போர், எர்த் வயர் பொருத்திய மூன்று முள் பிளக்கும், வீட்டில் ட்ரிப் சுவிட்சும் இல்லாமல் அதைப் பாவிக்க வேண்டாம். மெஷினைத் தொடும்போது சுள்ளென்று அடித்தால் அன்றே நிறுத்திவிடவும்.

3. கையால் செய்யும் பரிசோதனை

தம்பி செய்த முதல் வேலை இதுதான். பிளக்கைக் கழற்றி, பின் தகட்டைத் திறந்து, பெல்ட் போகிற பெரிய சில்லைக் கையால் சுற்றினார்.

நல்ல மெஷினில் சில்லைப் பல தரம் சுற்றினால்தான் உள்ளே தட்டு ஒரு தரம் சுற்றும். உள்தொட்டி இரண்டு பக்கமும் சுற்றாமல் நிற்க வேண்டும். பிறகு நெம்புகோலைக் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு சில்லைச் சுற்றினால், சில்லும் தட்டும் தொட்டியும் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். நெம்புகோலை விட்டதும் பிரேக் பிடிக்க வேண்டும்.

இதிலிருந்து பழுதை அறியலாம்:

– துவைக்கும்போது தொட்டியும் சேர்ந்து சுற்றினால்: பிரேக் பட்டி தேய்ந்திருக்கும், அல்லது நெம்புகோலின் நகம் கிளச்சின் பற்சில்லுக்குச் சரியாக எட்டவில்லை.

– தண்ணீர் வெளியே போகிறது, மோட்டர் ஓடுகிறது, ஆனால் தொட்டி பிழியவில்லை என்றால்: நகம் பற்சில்லை விட்டு முழுதாக விலகவில்லை, அல்லது கிளச் சுருள் தேய்ந்து வழுக்குகிறது.

– தண்ணீரே போகவில்லை என்றால்: நெம்புகோலை இழுக்கிற சின்ன மோட்டரையும் அடைபட்ட குழாயையும் பார்க்கவும்.

– மோட்டர் 'ம்ம்' என்று முனகிவிட்டு நின்றால்: பெரும்பாலும் கொண்டென்சர் பலவீனம். அதே அளவு எழுதியதைத்தான் மாற்ற வேண்டும்.

– ரப்பர் கருகிய மணமும் கறுப்புத் தூளும் இருந்தால்: பெல்ட்.

– பிழியும்போது ஆகாய விமானம் போல இரைச்சல், துணியில் பழுப்புக் கறை, கீழே சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர்: சீலும் பெயரிங்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "கியர் பொக்ஸ் போச்சு, புதுசு வாங்குங்க" என்று சொல்லப்படும் மெஷின்களில் சிலவற்றுக்கு நெம்புகோலின் திருகாணியைச் சற்றுத் திருப்பிச் சரிசெய்தாலே போதும். சிலவற்றுக்குப் புது பெல்ட் போதும். சின்னச் செலவை முதலில் பார்த்துவிட்டுத்தான் பெரிய செலவுக்குப் போக வேண்டும்.

4. தேய்வா, தவறா? தடயம் பேசும்

வெள்ளவத்தை வீட்டில் சில்லைச் சுற்றியபோது கரகர என்று மணல் அரைக்கிற சத்தம் கேட்டது. தம்பி மெஷினைப் பழைய போர்வையின் மேல் சாய்த்து, டோர்ச் அடித்துக் காட்டினார்.

கியர் பொக்ஸைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் துரு வழிந்த கோடுகள். அதன்மேல் காய்ந்த சவர்க்காரம் வெள்ளையாக, சுண்ணாம்பு பூசியது போல அடுக்கடுக்காய்ப் படிந்திருந்தது. கிறீஸ் சேறாக மாறியிருந்தது.

"அம்மா, இங்க பாருங்க. இந்த வெள்ளைக் கறை ஒரு நாளில வராது. தண்ணி கசிஞ்சு காஞ்சு, மறுபடி கசிஞ்சு காஞ்சு, மாசக் கணக்கா நடந்திருக்கு. ஐயா, இது நேத்து முந்தாநாள் ஒடஞ்சது இல்ல."

அளவுக்கு மேல் துணி போட்டதால் வரும் சேதம் வேறு மாதிரி இருக்கும். பெல்ட் வழுக்கிப் பளபளப்பாகும், கறுப்புத் தூள் விழும், மோட்டர் சூடாகும். கியர்ப் பல் உடைந்தால் உடைந்த முகம் புதிதாய், மினுங்கலாய் இருக்கும். துரு ஏறியிருக்காது. துருவும் படிவும் காலத்தின் வேலை. புதிய உடைவு அந்த நேரத்துச் சுமையின் வேலை. இந்த வித்தியாசத்தை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளவத்தை கடலோரத்தில் இருக்கிறது. உப்புக் காற்று இரும்பை விடாது. பல்கனியில் வைத்த மெஷினுக்கு ஆயுள் இன்னும் குறைவு. அந்த மெஷினுக்கு வயது பன்னிரண்டு என்று வீட்டு அம்மாவே சொன்னார்.

அப்போதுதான் பிள்ளை வாய் திறந்தாள். "நான் ஆறு மாசத்துக்கு முந்தியே சொன்னேனே அம்மா, பிழியிறப்ப கர்ருனு சத்தம் வருதுன்னு. வெள்ளத் துணியில கறை படுதுன்னும் சொன்னேன்."

வீட்டு அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஓம், சொன்னவள்தான். நான்தான் கவனிக்கேல்ல" என்றார்.

தம்பி நியாயமாக இன்னொன்றையும் சொன்னார். பெல்ட் பளபளத்துப் போயிருந்தது. "தங்கச்சி, ரெண்டு பெரிய போர்வையை ஒண்ணாப் போட்டது சரியில்ல. பெல்ட்டு அதனாலயும் தேஞ்சிருக்கு. ஆனா மெஷின் நின்னது அதால இல்ல." அவளும் ஒப்புக்கொண்டாள். உண்மை இரண்டு பக்கமும் சொல்லப்பட்டதால்தான் வீட்டார் அதை ஏற்றுக்கொண்டார்கள் என்று நாம் நினைக்கிறோம்.

5. திருத்திய முறை

மெஷினைக் கொட்டாஞ்சேனைக் கடைக்குக் கொண்டுபோய்ச் செய்த வேலை இது. படித்துவிட்டு வீட்டில் தனியாகச் செய்து பார்ப்பதற்காக இதை எழுதவில்லை. தொழில் பழகுகிற பிள்ளைகளுக்கும், பக்கத்தில் நின்று கவனிப்பவர்களுக்குமாக எழுதுகிறோம்.

1. தொட்டியின் அடித்தட்டு நடுவில் ஒரு ஸ்குரூவைக் கழற்றித் தட்டைத் தூக்க வேண்டும். சவர்க்காரம் இறுகி ஒட்டியிருந்தால் சுடுதண்ணீர் ஊற்றிச் சற்றுப் பொறுக்கவும். அடியில் பொத்தான், ஊசி, சில்லறைக் காசு எல்லாம் கிடக்கும்.

2. உள்தொட்டியைப் பிடித்திருக்கிற பெரிய நட்டைக் கழற்ற வேண்டும். சில மெஷின்களில் மரை எதிர்ப்பக்கம் இருக்கும். எந்தப் பக்கம் என்று அறியாமல் பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். தொட்டியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

3. பெல்ட்டையும் நெம்புகோல் இணைப்பையும் கழற்றி, அடித்தகட்டில் கியர் பொக்ஸைப் பிடித்திருக்கிற போல்ட்டுகளைக் கழற்றி வெளியே எடுக்க வேண்டும். எந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்று கடதாசியில் படம் போட்டு வைப்பது நல்ல பழக்கம்.

4. தண்டைத் துடைத்து, சீல் உரசுகிற இடத்தை நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். அங்கே பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீல் போட்டாலும் கசியும். அப்படியானால் கியர் பொக்ஸை முழுதாக மாற்றுவதுதான் வழி. பற்கள் உடைந்திருந்தாலும் அப்படியே. இந்த மெஷினில் தண்டும் பல்லும் நன்றாக இருந்தன. சீலும் இரண்டு பெயரிங்கும் மாற்றினால் போதுமாயிருந்தது.

5. பெயரிங்கின் மேல் எண் பொறித்திருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தால் கடையில் ஏமாற வேண்டியதில்லை. 6204 என்றால் கடைசி இரண்டு இலக்கமான 04ஐ 5ஆல் பெருக்கவும். உள்துளை 20 மில்லிமீற்றர். 6205 என்றால் 25 மில்லிமீற்றர். 04க்குக் கீழே இக்கணக்கு பொருந்தாது. 6203இன் துளை 17 மில்லிமீற்றர். தண்ணீர் பக்கம் போடுவதற்கு இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ள பெயரிங் நல்லது.

6. புதுப் பெயரிங்கைக் கூட்டுக்குள் இறக்கும்போது வெளி வளையத்தின் மேல் மட்டும் அழுத்த வேண்டும். உள் வளையத்தில் அடித்தால் குண்டுகள் பதிந்து, புதுசும் அன்றைக்கே பழசாகிவிடும்.

7. சீலின் ஸ்பிரிங் உள்ள பக்கம் தண்ணீரைப் பார்த்து இருக்க வேண்டும். உதட்டில் தண்ணீருக்குக் கரையாத கிறீஸ் தடவ வேண்டும். ஆனால் பிரேக் பட்டியிலும் கிளச் சுருளிலும் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படக்கூடாது. பட்டால் பிடிக்காது, வழுக்கும். "சத்தம் வருது" என்று எல்லா இடத்திலும் எண்ணெய் விடுவோர் இதைக் கவனிக்கவும்.

8. புது பெல்ட் போட்டு, நடுவில் விரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் இறங்குகிற அளவுக்கு இறுக்க வேண்டும். முதலில் கையால் சுற்றி, பிறகு தண்ணீர் மட்டும் நிரப்பி, கீழே பழைய பேப்பரை விரித்து அரை மணித்தியாலம் ஓடவிட வேண்டும். பேப்பர் காய்ந்திருந்தால் வேலை சரி.

அன்று மாலை பேப்பர் காய்ந்தே இருந்தது. திருத்திய செலவு, பிள்ளையின் சம்பளத்தில் அதுவரை வெட்டிய காசைவிடக் குறைவு. வீட்டு அம்மா அந்தக் காசை எம் முன்னிலையிலேயே திருப்பிக் கொடுத்தார். பிள்ளை இன்றும் அங்கேதான் வேலை செய்கிறாள்.

6. வீடுகளில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு

மெஷினில் எழுதியிருக்கிற கிலோ, காய்ந்த துணியின் நிறை. தினமும் கொழுந்து நிறுக்கிற குடும்பங்களுக்குக் கிலோக் கணக்கைச் சொல்லித்தரத் தேவையில்லை. ஈரக் கொழுந்து பாரம் கூடுவது போலத்தான் ஈரப் போர்வையும். பெரிய போர்வையைத் தனியாகப் போடவும். பைகளைத் தட்டிப் பார்க்கவும். சவர்க்காரத் தூளை அள்ளிக் கொட்ட வேண்டாம். ஓடும்போது தொட்டிக்குள் கை விட வேண்டாம்.

வேலைக்குச் சேரும் அன்றே மெஷினின் நிலையை வீட்டாருடன் சேர்ந்து பார்க்கவும். புதுச் சத்தம், கறை, கசிவு கண்டால் அன்றே சொல்லவும். சொன்ன திகதியை ஒரு கொப்பியில் எழுதி வைக்கவும். போன் இருந்தால் சத்தத்தைப் பதிவு செய்து வைக்கலாம். இது சண்டைக்கு இல்லை, சாட்சிக்கு. காசு வெட்டப்போவதாகச் சொன்னால், "தெரிந்த ஒருவரைக் கொண்டு திறந்து பார்த்துவிட்டுப் பேசுவோம்" என்று மரியாதையாகக் கேளுங்கள். உடனே வீட்டுக்கும் எமக்கும் அறிவியுங்கள்.

லயத்தில் இரட்டைத் தொட்டி மெஷின் வைத்திருப்போருக்கு ஒரு குறிப்பு: அதில் பிழிகிற பக்கத்துக்குத் தனி மோட்டர், கியர் கிடையாது. மூடியைத் திறந்ததும் பிரேக் பிடித்துத் தொட்டி நிற்க வேண்டும். நிற்காவிட்டால், திருத்தும் வரை பிள்ளைகளைக் கிட்ட விட வேண்டாம்.

7. தொழிலாகப் பழக விரும்பும் இளைஞருக்கு

தொழிற்பயிற்சி அதிகார சபை, தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை ஆகிய அரச நிறுவனங்களில் மின் சார்ந்த தொழில்களைப் பயிலலாம். கொழும்புக் கடைகளில் ஏற்கனவே வேலை செய்து பழகியவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. கையில் உள்ள அனுபவத்தைப் பரீட்சித்து, தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை இருக்கிறது. 'எடுபிடி' என்று பெயர் வாங்கிய பிள்ளை 'பாஸ்' ஆக அது உதவும். விபரம் வேண்டுவோர் நலன்புரி அலுவலகத்துக்கு வரவும்.

மீட்டிப் பார்க்க

1. கியர் பொக்ஸ் செய்யும் மூன்று வேலைகள் எவை?
2. சீல் போனால் அடுத்து என்னென்ன பழுதாகும்?
3. பழைய தேய்வையும் புதிய உடைவையும் எதைக் கொண்டு பிரித்தறியலாம்?
4. 6205 என்ற பெயரிங்கின் உள்துளை எத்தனை மில்லிமீற்றர்?
5. பிளக்கைக் கழற்றிய பிறகும் எதைத் தொடக்கூடாது?

வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் இதை வீட்டில் அம்மா, அப்பாவுக்கு வாசித்துக் காட்டவும். கொழும்பில் வேலை செய்யும் அக்கா, தங்கைமாருக்கு இப்பக்கத்தை அனுப்பி வைக்கவும். அந்தத் தகப்பன் கேட்ட கேள்வி எமக்கும் பாடமாயிற்று. இப்போதெல்லாம் எந்த முறைப்பாடு வந்தாலும், தீர்ப்புச் சொல்வதற்கு முன் நாம் அதையே கேட்கிறோம்: யாராவது திறந்து பார்த்தாங்களா?